தராசுக்கு முன் ஒரு பட்டறை

ஒரு சமுதாயத்தின் செல்வநிலையை அதன் அங்காடிகளைக் கண்டு அறியலாம் என்பர். அதன் அறிவுநிலையை அறிய விரும்புவோர், அது எவற்றைக் குப்பையென்று கழித்துக் கட்டுகிறது என்பதையும் காண வேண்டும் என்பது நம் கருத்து. ஓடாமல் நின்றுபோன மோட்டார் ஒன்று நம் வீட்டிலிருந்து நேரே பழைய இரும்புக் கடையின் தராசுக்குச் செல்லுமாயின், அங்கே இழக்கப்படுவது பொருள் மட்டுமன்று. அப்பொருளை ஆக்கிய உழைப்பும், அதை மீட்கவல்ல கைத்திறனும் உடன் இழக்கப்படுகின்றன. வீட்டுக்கும் உலைக்கும் இடையே ஒரு பட்டறை நிற்க வேண்டும். இக்கட்டுரையின் வாயிலாக நாம் வற்புறுத்த விரும்புவது இவ்வொன்றே.

கதிர்காமம் என்றவுடன் தமிழர் பலருக்கு ஈழத்துக் கதிர்காமமே நினைவில் எழும். முருகன் திருக்கோயிலும் ஹிள்ர் (அலை) அவர்களின் பெயரால் விளங்கும் பள்ளிவாசலும் அருகருகே அமைந்து, இரு சமயத்தாரையும் ஒருங்கே ஈர்க்கும் திருத்தலம் அது. நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது அப்பெயரையே தாங்கிய புதுவைக் கதிர்காமம். உழவர்கரை நகராட்சியைச் சார்ந்து, வழுதாவூர்ச் சாலையை ஒட்டிக் கிடக்கும் இப்பகுதிக்குத் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையும் தொலைவில்லை. இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதும் இங்கேதான். நோயுற்ற மனிதர் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் வந்து நலம்பெற்றுத் திரும்பும் இவ்வூரில், நோயுற்ற இயந்திரங்களுக்கு மருத்துவம் பார்க்கும் சிறு கடைகளும் உண்டு. அவற்றுள் ஒன்றிலேதான் இக்கட்டுரைக்கான கரு நமக்குக் கிடைத்தது.

புயல் கற்பித்த பாடம்

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தீர்த்தது. தாழ்ந்த தெருக்களில் இருந்த வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நீர் வடிந்த பின்னர் வாசல்தோறும் நனைந்த மெத்தைகளோடு துணி துவைக்கும் இயந்திரங்களும், கிரைண்டர்களும், தண்ணீர் இறைக்கும் மோட்டார்களும் வெளியே வந்து கிடந்தன. நம் வீட்டு இயந்திரமும் அவற்றுள் ஒன்று. பார்க்க வந்த பணியாளர், "உள்ளே தண்ணீர் போய்விட்டது, இனிப் பயனில்லை, புதியது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். நாமும் மறுசொல் கேளாமல் அதை எடைக்குப் போட்டுவிட்டோம்.

சில திங்கள் கழித்து, மிக்சியைப் பழுதுபார்க்கக் கதிர்காமத்திலுள்ள மோட்டார் வைண்டிங் கடை ஒன்றுக்குச் சென்றோம். அங்கே ஒரு மூலையில் சாணைக்கல் ஒன்று சீராகச் சுழன்றுகொண்டிருந்தது. அதைச் சுழற்றியது துவைப்பு இயந்திரத்தின் மோட்டார். நாம் எடைக்குப் போட்டதே அது என்று சொல்லோம். ஆயினும் அதன் உடன்பிறப்பு என்று ஐயமின்றிச் சொல்லலாம். அதுவும் அதே வெள்ளத்தில் மூழ்கி, அதேபோல் கழிக்கப்பட்டு, பழைய இரும்புக் கடையில் எடைபோட்டு வாங்கப்பட்டது. நம் வியப்பைக் கண்ட கடைக்காரர் சொன்னார்: "தண்ணி போனா மோட்டார் சாகாது பாய். ஈரத்தோட கரண்டு விட்டாத்தான் சாகும்."

பொறியியல் நூல் ஒன்றின் ஓர் இயலை அவர் இரண்டு வரியில் அடக்கிவிட்டார். வெள்ளத்தில் நனைந்த மோட்டாரை உடனே மின்னிணைப்பில் பொருத்தினால் கம்பிச்சுருளுக்கும் இரும்புக்கும் இடையே மின்கசிவு ஏற்பட்டுச் சுருள் கருகும். அவ்வாறன்றி, அதைப் பிரித்து, சேற்றை நல்ல நீரால் கழுவி, வெயிலிலோ மிதமான சூட்டிலோ நன்றாக உலர்த்தி, மெகர் கருவியால் மின்காப்பைச் சோதித்து, தேவையாயின் மீண்டும் வார்னிஷ் ஏற்றி, துருப்பிடித்த பேரிங்கை மாற்றினால் பெரும்பாலும் உயிர் பிழைக்கும். அத்தெருக்களில் கழிக்கப்பட்டவற்றுள் எத்தனை இவ்வாறு பிழைத்திருக்கக் கூடும் என்று எண்ணும்போது நெஞ்சம் வருந்துகிறது. அவற்றைக் கொன்றது வெள்ளமன்று. நம் அறியாமையும் அவசரமுமே.

காயலான் கடை

பழைய பொருள் வாங்கும் கடைக்குத் தமிழில் காயலான் கடை என்ற பெயர் வழங்குகிறது. பேச்சுவழக்கில் இது 'காயலாங்கடை' ஆகும். காயல்பட்டினத்தைச் சேர்ந்தவர் காயலான். அவ்வூர் முஸ்லிம் வணிகர்கள் பிற ஊர்களில் பழைய இரும்பு வணிகம் நடத்தியதால் இப்பெயர் வந்தது என்பர். காயல் துறைமுகம் எளியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னகம் வந்த மார்க்கோ போலோ தம் குறிப்பில் போற்றிய துறை அது. குதிரையும் முத்தும் கைமாறிய கடற்கரையின் பெயர், இன்று துருப்பிடித்த இரும்பைக் குவிக்கும் கடையின் பெயராக வழங்குவதைச் சிலர் இழிவெனக் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. பிறர் பயனற்றதெனக் கழித்ததில் பயன் கண்டவனின் ஊர்ப்பெயரைத் தமிழ் தன் சொற்களஞ்சியத்தில் பொறித்து வைத்திருக்கிறது. அது பெருமையே.

இக்கடையின் நடமாடும் வடிவத்தையும் நாம் அறிவோம். "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்ற குரல் கேட்டதும், வீட்டின் மூலைமுடுக்குகளைத் துழாவிய சிறுவர்கள் நம்முள் பலர். நோன்பு திறக்கும் வேளையில் முதலில் நாடும் அப்பழத்தை, துருப்பிடித்த ஆணிக்குப் பண்டமாற்றாகப் பெற்று உண்ட இளமைக்காலம் இனியது. ஆனால் அந்தப் பண்டமாற்றே நம் மனத்தில் ஒரு பிழையான கணக்கையும் பதித்துவிட்டது. பழுதான எதுவும் வெறும் எடை என்பதே அக்கணக்கு. "பேரீச்சம்பழத்துக்குப் போடு" என்னும் வழக்கு இன்றும் ஏளனச் சொல்லாகவே வழங்கக் காண்கிறோம்.

தராசு பொய் சொல்வதில்லை. ஆனால் அதற்குத் தெரிந்தது எடை மட்டுமே. ஓடக்கூடிய மோட்டாரும் கருகிய மோட்டாரும் அதற்கு ஒன்றே. அங்கிருந்து மோட்டார் சம்மட்டிக்குச் செல்கிறது. உறை உடைபடுகிறது, செம்புச்சுருள் பிய்த்து எடுக்கப்படுகிறது, இரும்புத் தகடுகள் தனியே குவிகின்றன. ஐந்து ரூபாய் உறுப்பை மாற்றினால் ஓடியிருக்கக்கூடிய இயந்திரம், ஐந்து நிமிடத்தில் உலோகக் குவியலாகிவிடுகிறது. காயலான் கடைக்காரரை இதற்காகக் குறை கூறுவதற்கில்லை. அவரிடம் எடையாகக் கொடுத்தவர் நாமே.

நின்றது எது?

வீட்டு மோட்டார்கள் ஏன் நிற்கின்றன என்பதை ஓரளவேனும் அறிந்திருந்தால் இவ்விழப்பைப் பெரிதும் தவிர்க்கலாம். மிக்சி திடீரென நின்றுவிடுகிறது. பல மாதிரிகளில் அதன் அடிப்பகுதியில் சிறு சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். மிகைச் சுமையால் மோட்டார் சூடேறும்போது அது தானே வெளித்தள்ளி மின்னோட்டத்தைத் துண்டிக்கும். சிறிது நேரம் ஆறவிட்டு அதை அழுத்தினால் இயந்திரம் மீண்டும் ஓடும். இதை அறியாமல் மிக்சியை மாற்றியவர்கள் உண்டு. அதன் உள்ளே தேய்ந்து குறையும் கரித்துண்டுகள் இரண்டு உள்ளன. கார்பன் பிரஷ் எனப்படும் அவை, எழுதுகோலின் கரிமுனைபோல் தேய்வதற்கென்றே அமைந்தவை. அவற்றை மாற்றுவது சிறு வேலை.

கூரை விசிறி மெல்லச் சுழல்கிறதா? பெரும்பாலும் குற்றம் கண்டென்சருடையது. மேசை விசிறி இறுகி நிற்கிறதா? புஷ் வறண்டிருக்கும், எண்ணெயும் துடைப்பும் போதும். நீண்ட நாள் ஓடாமல் கிடந்த தண்ணீர் மோட்டார் உறுமுகிறதே தவிரச் சுழலவில்லையா? துருவினால் உட்சக்கரம் ஒட்டியிருக்கலாம். கிரைண்டரில் மோட்டார் ஓடியும் கல் சுழலவில்லையெனில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். இவை யாவும் கடந்த பிறகே கம்பிச்சுருள் கருகிய நிலை வருகிறது. அதற்கும் மருத்துவம் உண்டு. பழைய சுருளை நீக்கி, சுற்றுகளின் எண்ணிக்கையையும் கம்பியின் பருமனையும் குறித்துக்கொண்டு, எனாமல் பூசிய புதிய செம்புக் கம்பியை அதே கணக்கில் சுற்றி, வார்னிஷில் தோய்த்து உலர்த்துவர். அதுவே வைண்டிங். கணிதமும் பொறுமையும் விரல் நுண்மையும் ஒருங்கே வேண்டும் கலை அது.

பழைய பணிக்குத் திரும்ப இயலாத மோட்டார்கள் வேறு பணிக்குச் செல்லலாம். துவைப்பு இயந்திரத்தில் ஓடிய தூண்டல் மோட்டார் சீரான வேகத்தில் நெடுநேரம் ஓட வல்லது. சாணைக்கல்லுக்கும் சிறு துளைப்பொறிக்கும் அது பொருந்தும். மேசை விசிறியின் மோட்டார் கரியடுப்புக்குக் காற்றூதும் துருத்தியாகலாம். மிக்சியின் மோட்டாரோ வேறினம். நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுகள் சுழலும் அது, சில நிமிடங்களே தொடர்ந்து ஓடுவதற்கு உரியது. அதை நெடுநேர வேலையில் பூட்டினால் எரிந்துபோகும். எதை எதற்குப் பயன்படுத்துவது என்னும் இந்தப் பகுத்தறிவே கைவினைஞரின் மூலதனம். காப்பும் நிலத்தொடர்பும் இன்றிப் பழைய மோட்டாரை வெறுந்தரையில் ஓட்டிப் பார்ப்பது திறமையன்று; அது உயிரோடு விளையாடுவதாகும்.

இவ்வாறு பிரித்துப் பார்த்துக் கற்றவர்களை நம் நாடு மறந்துவிடலாகாது. கோவை ஜி.டி. நாயுடு (1893-1974) இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கிப் பிரித்துப் பூட்டியே இயந்திர நுட்பம் கற்றவர். கல்லூரிப் பட்டம் அவருக்கு இல்லை. இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படுவதை 1937இல் டி. பாலசுந்தரத்தோடு இணைந்து ஆக்கியவர் அவரே. கோவை இன்று மோட்டார்களுக்கும் பம்புகளுக்கும் பெயர்பெற்று விளங்குவதன் பின்னணியில் அந்தப் பிரித்துப் பார்க்கும் மனம் நிற்கிறது. இன்றைய சிறுவனுக்குப் பிரித்துப் பார்க்க நாம் எதைக் கொடுக்கிறோம்?

செம்பின் விலை

வீட்டு மோட்டாரின் உயிர்நாடி செம்பு. ஒரு கூரை விசிறியில் சில நூறு கிராம் செம்பே இருக்கும். ஆனால் வீடுகளின் தொகையைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15ஆம் நாள் விலையில்லா மின்விசிறி, மிக்சி, கிரைண்டர் வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் பயன்பெற்றன. வீட்டுக்கு மூன்று மோட்டார் என்று கொண்டால் நாலரைக் கோடிக்கு மேல் வரும். அவை முதுமையடைந்து, ஒவ்வொன்றாக வீட்டைவிட்டு வெளியேறும் காலம் இது.

அந்தச் செம்பு எங்கிருந்து வருகிறது? தூத்துக்குடியில் இயங்கிய செம்பு உருக்காலையை எதிர்த்து மக்கள் போராடியதும், 2018 மே 22ஆம் நாள் தொடங்கிய துப்பாக்கிச்சூட்டில் பதின்மூவர் உயிரிழந்ததும், அம்மாத இறுதியில் ஆலை மூடப்பட்டதும் நாடறிந்த செய்திகள். அதன் பின்னர்ச் சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா, அதை இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. ஆலை வேண்டுமா வேண்டாமா என்னும் வழக்கில் நாம் இங்கே புகவில்லை. செம்பு மலிவான பொருளன்று, அதன் விலையில் காற்றும் நீரும் உயிரும் அடங்கியுள்ளன என்பதையே சுட்டுகிறோம். ஏற்கெனவே மண்ணிலிருந்து எடுத்து, உருக்கி, கம்பியாய் இழுத்து, சுருளாய்ச் சுற்றிய செம்பு நம் பரணில் கிடக்கிறது. அதைச் சுருளாகவே காப்பது முதல் அறம். இயலாதபோது உலோகமாக மீட்பது இரண்டாம் அறம். தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் 85 விழுக்காடு வரை பழைய செம்பை உருக்குவதால் மிச்சமாகும் என்பர். அலுமினியத்தில் இம்மிச்சம் 95 விழுக்காடு.

ஆயினும் மீட்கும் முறையிலும் அறம் வேண்டும். செம்பை விரைவில் எடுக்க விரும்பி, மின்கம்பிகளின் பிளாஸ்டிக் உறையைத் திறந்த வெளியில் எரிக்கும் வழக்கம் பல நகரங்களின் விளிம்புகளில் உள்ளது. அப்புகையில் டையாக்சின் போன்ற கொடிய நஞ்சுகள் உண்டாகின்றன. எரிப்பவரும், அருகில் வாழும் ஏழையும், அவர்தம் குழந்தைகளுமே அதை முதலில் மூச்சில் ஏற்கின்றனர். பழைய குளிர்பதனப் பெட்டியின் குழாயை அறுத்து வாயுவைக் காற்றில் விடுவதும் அத்தகையதே. குப்பையில் செல்வம் காண்கிறோம் என்று கூறிக்கொண்டு ஏழையின் நுரையீரலை எரிபொருளாக்குவது மீட்பாகாது.

மறுப்புகள் இரண்டு

நம் கருத்துக்கு மறுப்பு உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. முதலாவது மறுப்பு, பழைய இயந்திரம் மின்சாரத்தை மிகுதியாக உண்ணும் என்பது. இதில் உண்மை உண்டு. பழைய கூரை விசிறி ஏறத்தாழ 75 வாட் கொள்ளும், பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை விசிறி அதில் பாதியும் கொள்வதில்லை. நாளெல்லாம் ஓடும் விசிறியில் இவ்வேறுபாடு பெரிது. 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டதும் இதன்பொருட்டே. ஆகவே, நெடுநேரம் ஓடும் கருவி மிகப் பழையதாயின் அதை மாற்றுவது தக்கது. ஆனால் நாளில் பத்து நிமிடம் ஓடும் மிக்சிக்கும், அரை மணி ஓடும் கிரைண்டருக்கும், வாரத்தில் சிலமுறை ஓடும் துவைப்பு இயந்திரத்துக்கும் இவ்வாதம் பொருந்தாது. அவற்றில் புதியதை ஆக்கச் செலவாகும் ஆற்றலே பெரிது. மீட்பைக் குருட்டுப் பற்றாகக் கொள்ளாமல் கணக்கோடு செய்ய வேண்டும் என்பதே நம் நிலை.

இரண்டாவது மறுப்பு, பழுதுபார்க்கும் கூலி புதியதன் விலையை நெருங்குகிறது என்பது. இதுவும் பல வேளைகளில் உண்மையே. ஆனால் காரணத்தை ஆராய வேண்டும். திருகாணி இருந்த இடத்தில் ஒட்டுப்பசை வந்துவிட்டது. தனியே கிடைத்த உறுப்பு, முழுத்தொகுதியாக மட்டுமே விற்கப்படுகிறது. கழற்ற முடியாதவாறு கருவியை ஆக்கிவிட்டு, கழற்றுபவனின் கூலி மிகுதி என்று கூறுவது நேர்மையாகுமா?

பிரான்சிடம் கற்கத்தக்கது

1954 நவம்பர் முதல் நாள் வரை புதுவையை ஆண்ட பிரான்சு, இவ்வகையில் அண்மையில் ஒரு நல்ல வழி கண்டுள்ளது. 2020 பிப்ரவரியில் அங்கே இயற்றப்பட்ட வீண்விரயத் தடுப்புச் சட்டத்தின்படி, 2021 ஜனவரி முதல் கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, துவைப்பு இயந்திரம் முதலியவற்றுக்குப் பழுதுபார்ப்புக் குறியீடு காட்டப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. கழற்றுவது எளிதா, உதிரி உறுப்பு கிடைக்குமா, அதன் விலை என்ன, விளக்கக் கையேடு உண்டா என்பவற்றை ஆராய்ந்து பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இட்டனர். வாங்குபவர் விலையோடு இம்மதிப்பெண்ணையும் பார்த்து முடிவு செய்ய முடிந்தது. புதுவையின் தெருப்பெயர்ப் பலகைகளையும் காவலரின் சிவப்புத் தொப்பியையும் பிரெஞ்சு மரபென்று போற்றிக் காக்கும் நாம், இந்தப் புதிய மரபையும் கேட்டு வாங்கினால் என்ன?

நம் நாட்டிலும் அசைவு தோன்றாமலில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022 ஜூலையில் நடுவண் அரசு குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கியது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், நூற்றுக்கு மேற்பட்ட வகைக் கருவிகளை உள்ளடக்கி, ஆக்குபவருக்கும் மறுசுழற்சி செய்பவருக்கும் மட்டுமன்றிப் புதுப்பிப்பவருக்கும் தனியிடம் தந்துள்ளன. ஏட்டில் இது நன்று. ஆயினும் தெருமுனையில் எட்டடிக்குப் பத்தடிக் கடையில் அமர்ந்து சுருள் சுற்றும் மனிதர் அந்தப் பதிவேட்டை எட்டுவது எப்படி? விதிகள் பெரிய ஆலையை நோக்கிப் பேசுகின்றன. உண்மையில் புதுப்பிப்பவரோ சிறிய பட்டறையில் இருக்கிறார். இவ்விடைவெளியை நிரப்புவது நகராட்சியின் கடமை.

புதுவைக்கு இக்கடமை மற்ற ஊர்களைவிட மிகுதி. 1898இல் தோன்றிய ஏ.எஃப்.டி. ஆலையும், சுதேசி, பாரதி ஆலைகளும் தலைமுறை தலைமுறையாக ஃபிட்டர்களையும் மின்பணியாளர்களையும் உருவாக்கிய பயிற்சிக்கூடங்களாக விளங்கின. மூன்றும் 2020இல் மூடப்பட்டன. ஆலை மூடினால் இயந்திரம் பழைய இரும்பாகும். தொழிலாளியின் கைத்திறன் என்னாகும்? அதை எடைபோடத் தராசும் இல்லை. நாம் கண்ட கடைக்காரர் தமக்குப் பின் இத்தொழிலுக்கு வர வீட்டில் எவரும் இல்லை என்றார். வருத்தத்தோடு சொல்லவில்லை, நாள்வழக்கம்போலச் சொன்னார். அதுவே நம்மை மிகவும் வருத்தியது.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை?

மோட்டாருக்கும் தமிழ்த்துறைக்கும் என்ன உறவு என்று கேட்போர் உளர். உறவு உண்டு. பட்டறை ஒரு சொற்களஞ்சியம். அரம், உளி, குறடு, சம்மட்டி, சாணை, துருத்தி, மரை, திருகு என்னும் சொற்கள் நூலில் உறங்காமல் அங்கே உயிரோடு உழைக்கின்றன. அறிவு தடுமாறியவனை 'மரை கழன்றவன்' என்று மக்கள் கூறுவது பட்டறை தந்த உவமையே. நாம் 'மின்னோடி' என்று சொல்லாக்கம் செய்து ஏட்டில் வைத்திருக்கிறோம். கடையில் அது மோட்டாராகவே இருக்கிறது. சுருளைக் காயில் என்றும், சுற்றுவதைக் கட்டுதல் என்றும் கூறும் வழக்கு அங்கே உண்டு. 'காயில் கட்டுதல்' என்னும் தொடரில் பெயர் அயல்மொழி, வினை தமிழ். மொழி எவ்வாறு வளர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் எது? பட்டறை மூடினால் இச்சொற்களும் மூடப்படும். நம் மாணவர்கள் களப்பணிக்குக் கோயிலுக்கும் கல்வெட்டுக்கும் செல்வதுபோல் வைண்டிங் கடைக்கும் செல்ல வேண்டும்.

சமய நோக்கிலும் இது நமக்கு அயலான செய்தியன்று. வீண்விரயத்தை இஸ்லாம் வன்மையாகக் கண்டிக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே செப்பனிட்டதையும், தம் ஆடையைத் தாமே தைத்ததையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் எடுத்துரைத்ததாக நபிமொழி நூல்கள் கூறுகின்றன. ஒரு சமுதாயத்தின் தலைவராய் விளங்கியவர், பழுதானதைச் செப்பனிடுவதைத் தம் மதிப்புக்குக் குறைவாகக் கருதவில்லை. திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் இரும்பின் பெயராலேயே 'அல் ஹதீத்' எனப்படுகிறது. இறைவன் மனிதனுக்கு அருளிய பயன்பொருள்களுள் ஒன்றாக இரும்பு அங்கே குறிக்கப்படுகிறது. அருளை எடைக்குப் போடுமுன் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது கடமையன்றோ?

செய்யத்தக்கவை

நாம் வேண்டுவன பெரிய செயல்கள் அல்ல. முதலாவதாக, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்கம் வேண்டும். நின்றுபோன எந்த மோட்டாரும் பட்டறையைப் பாராமல் தராசுக்குச் செல்லலாகாது. மெய்யாகவே மீளாது என்று கைவினைஞர் சொன்ன பின்னரே அது எடைப்பொருள்.

இரண்டாவதாக, கல்லூரிகள் ஆண்டுக்கு இருமுறையேனும் பழுதுநீக்கு நாள் நடத்தலாம். மேட்டுப்பாளையத்து அரசுத் தொழிற்பயிற்சி நிலையமும், இலாசுப்பேட்டை மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக்கும் உள்ள புதுவையில் இதற்குப் பயிற்றுநர் பஞ்சமில்லை. தெருக்கடைக் கைவினைஞரை அந்நாளில் ஆசிரியராக அழைத்து, உரிய மதிப்பூதியம் தந்து அமர்த்த வேண்டும். மேடையில் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது போதாது. குப்பைப் பொருள்களிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்து காட்டிய அரவிந்த் குப்தாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ வழங்கி நாடு சிறப்பித்தது. கழிபொருள் சிறந்த பாடநூலாகும் என்பதற்கு அவர் பணியே சான்று.

மூன்றாவதாக, நகராட்சி தான் திரட்டும் கழிவில் மின்கருவிகளைத் தனியே பிரித்து, உடைபடுமுன் பழுதுபார்ப்போர் பார்த்து வாங்க ஓர் இடம் ஒதுக்க வேண்டும். குரும்பாப்பேட்டைக் கிடங்கின் மேட்டில் ஏறவிருக்கும் பொருளுள் ஒரு பகுதியேனும் வழுதாவூர்ச் சாலைப் பட்டறைகளில் இறங்கட்டும். புயலும் வெள்ளமும் வந்து சென்ற மறுவாரத்தில் இத்தகைய இடம் பன்மடங்கு பயன்தரும். ஈரத்தோடு மின்னிணைப்புத் தராதீர், உலர்த்திக் காட்டுங்கள் என்னும் ஓர் அறிவிப்பே எத்தனையோ குடும்பங்களின் பணத்தைக் காக்கும்.

காயலா என்றால் நோய் என்றும் தமிழில் ஒரு பொருள் உண்டு. காயலாங்கடையை நோயுற்ற பொருள்களின் கடை என்று சிலர் பிழையாகப் பொருள் கொள்வர். சொல்லாராய்ச்சியில் அது பிழையாயினும், அதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. நோயுற்றவரை நாம் இடுகாட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. முதலில் மருத்துவரிடம் காட்டுகிறோம். கதிர்காமத்து மூலையில் இன்றும் அந்தச் சாணைக்கல் சுழல்கிறது. நம் மிக்சியின் கத்தியையும் அதில்தான் தீட்டித் தந்தார் அக்கைவினைஞர். வெள்ளத்தில் மூழ்கியது, கழிக்கப்பட்டது, எடைபோடப்பட்டது. ஆயினும் ஒருவர் அதைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். நாமும் அவ்வாறு ஒருமுறை திருப்பிப் பார்க்கும் மனத்தைப் பெறுவோமாக!